ஒட்டிப் போ

"இப்பல்லாம் சாவுச் சேதிக்கும் மிஸ்டு கால்தான் குடுக்குறானுக. நாமதான் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டுக்கணும்" என்று முனகியபடி கார்மேகம் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார். ஆனால் காகிதத்தில் வைக்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு பாய்?"

"குவைத் ரோட்டுல ஆக்சிடெண்ட்னு, அண்ணே" என்றான் முகம்மது ரிபாய். அவர் மகன் விமலைக் குவைத்துக்கு லாரி ஓட்ட அனுப்பிய ஷார்ஜா ஏஜெண்ட்.

"எம்மகன் செத்தது ஈராக்குலல்ல?"

"அங்க போகக்கூடாதுன்னு பாஸ்போர்ட்லயே சீல் இருக்குண்ணே. அப்படி எழுதினா பாடி ஊருக்கு வராது. ஆறு நாளாச்சு. ஊர்ல வடிவு மதினி பந்தலைப் போட்டுட்டு உக்காந்திருக்காக."

மேஜையில் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. விமலுக்குப் பின்னால் ஈராக்குக்குள் ராணுவச் சரக்கு லாரி ஓட்டிப்போன கலீலுர் ரஹ்மான் குவைத்திலிருந்து லைனில் இருந்தான்.

"நீ சொல்லுப்பா. யாரு சுட்டது?"

"தெரியல மாமா. ரெண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பு. மறைஞ்சிருந்தானுக. முன்னால போன அமெரிக்கா ராணுவ வண்டிக்குத்தான் குண்டு வச்சிருந்தானுக. அது வெடிச்சதும் தோப்புக்குள்ளருந்து சுட ஆரம்பிச்சுட்டானுக. பின்தங்கி வந்தவங்க திருப்பிக்கிட்டோம்."

"விமலு?"



"அவன் ராணுவ வண்டி வாலையே புடிச்சுக்கிட்டுப் போனான் மாமா. தள்ளி வாடான்னு வயர்லெஸ்ல கத்துனேன். எங்கப்பா ஒட்டித்தான் போகச் சொன்னாருன்னான்."

ரிபாய் போனை அணைத்தான்.

முப்பது வருஷமாக அஜ்மானில் தண்ணி லாரி ஓட்டுகிறவர் கார்மேகம். விமல் கிளம்புமுன் அவர்தான் சொன்னார்: "ராணுவத்துக்காரன் பின்னாடியே ஒட்டிப் போடா. அவனுக்கும் உசுரு வெல்லம், நல்ல பாதையாத்தான் போவான்." யாரையும் நம்பாதவர், அதை மட்டும் நம்பியிருந்தார்.

"ஆக்சிடெண்ட்னா யாரு தப்புன்னு எழுதுவாங்களே?"

"யாரு தப்பும் இல்லைன்னுதான் எழுதியிருக்குண்ணே."

விரலில் மை காய்ந்துபோயிருந்தது. மறுபடி தொட்டு, அழுத்தமாக வைத்தார்.

"நாளைக்குப் பெட்டி ப்ளேன் ஏறிரும், இன்ஷா அல்லாஹ். டீ குடிச்சிட்டுப் போங்க."

"பெட்டிக்குள்ள கிடக்குறது அவன்தானான்னு எவன் பாத்தான்? மொதலாளி கபீல் என் பாஸ்போர்ட்டைக் குடுத்தா நானே போய்ப் பாப்பேன். குடுக்க மாட்டான்."

டீயைத் தொடாமல் எழுந்தார்.

வெளியே வெயிலில், தொழில்பேட்டைச் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஓரமாகவே நடந்தார். ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடத்தை அடிமேல் அடிவைத்து அளந்தார். நாலடி. அடுத்தது நாலரை. பத்தாது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, அதற்கும் அடுத்த லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.