புளி போட்டுத் துலக்கிய ராணி

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சூளகிரிப் பக்கம் ஒரு வீட்டில் ரோமாபுரிக் காசு இருக்கிறதாம் என்று டீக்கடையில் காதில் விழுந்ததும், 'ஐயையோ, வேறு எவனாவது எழுதிவிடுவானே' என்று பதறி வண்டியை எடுத்தேன்.

முதல் வரி: 'கடல் கடந்து வந்த வெண்கலப் பேரரசி, மானாவாரி மண்ணுக்குள் துயில்…' (சீ. பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.)

2.
தொழிற்பேட்டைக்காக ஜேசிபி கிளறிப்போட்ட மண்ணில் செல்வம்மாளுக்குக் கிடைத்த காசு அது. பக்கவாட்டில் ஒரு பெண் முகம், பிடரியில் அள்ளிச் செருகிய கொண்டை. சாமி மாடத்தில் குங்குமத்தோடு இருந்தது.

"எம்பொண்ணு ரூபா சார். கம்பெனிக்குப் போவும்போது இப்படித்தான் கொண்ட போடுவா. செத்த மூணாம் மாசமே மண்ணுலருந்து வந்துட்டா பாருங்க."

ரூபாவைக் கொளுத்தியது அவள் புருஷன். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லித் தப்பிவிட்டான். கல்யாண ஆல்பத்தைக்கூடத் தரவில்லை, பாவி.

(ஆதார் அட்டையில் படம் இருக்குமே என்கிற வாசகருக்கு: நானும் கேட்டேன். "அது எம்பொண்ணே இல்ல சார். எவளோ திருடி மாதிரி முழிச்சிக்கினு இருக்கா.")

அற்பாயுசில் போன பெண்ணை வீட்டுச்சாமியாகக் கும்பிடுவது அங்கே வழக்கம். சாமி சாமான்களைப் புளி போட்டுத் துலக்குவதும் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் செல்வம்மாள் மகளைத் துலக்குகிறாள்.

3.
விளிம்பில் மிஞ்சிய எழுத்துகளைப் பார்த்தால், அவள் ஃபாஸ்டா. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் மனைவி. கொதிக்கும் குளியலறையில் அடைத்து அவனே கொல்லச் செய்தான் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. கல்வெட்டுகளிலிருந்து பெயரையும் சுரண்டினார்களாம். (கதைக்கு வசதியாகப் பொருந்துகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு அருவருப்பாக இருந்தது.)

காசில் மூக்கு போய்விட்டது. உதடு மழுங்கிவிட்டது.

4.
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முகம் பிழைக்கும். ஆனால் அது ரூபாவாக இருக்காது.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். பெற்றவள் கையாலேயே முகம் தேய்ந்து போகும்.

முடிவு மூன்று, நடுவாந்தரமாக. இதைச் செய்தும் பார்த்தேன். "புளி மட்டும் வேணாம்மா, தேஞ்சிடும்" என்றேன்.

செல்வம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கரிக்கட்டையா கொண்டாந்து போட்டாங்க சார். மூஞ்சியத் தொடக்கூட உடல, அப்படியே கட்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. இதுவும் கன்னங்கரேல்னுதான் வந்திச்சு. இப்பவாச்சும் நான் கழுவ வேணாமா?"

5.
நாளை வெள்ளிக்கிழமை. சூளகிரியில் இறங்கிச் செல்வம்மாள் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். விஷயம் முழுக்க இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்வதானால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்க…