ஓடினால் மிஷின், நின்றால் மேஜை

நாடாளுமன்றக் குழு கூடும் அறையின் நடுவே ஒரு தையல் மிஷின் நின்றது. காலால் மிதிக்கிற பழைய மிஷின். எண்ணெய் போட்டுத் துடைத்து, தலையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் மாணவியைப் போல அது பவ்வியமாக இருந்தது.

கொண்டுவந்தது ஜப்தி நிறுவனங்களின் சங்கம். கடன்காரர்களிடமிருந்து எடுத்த பொருட்களைத் தாங்கள் எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று குழுவுக்குக் காட்ட வேண்டுமாம்.

மிஷினுக்குச் சொந்தக்காரி மூன்றாவது வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். பாதிக்கப்பட்டவர்கள் தரப்புச் சாட்சி என்று அவளை அழைத்திருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வீட்டில் நாற்பது சீருடைக் கால்சட்டைகள் வெட்டியபடி கிடந்தன. திங்கள் காலை கொடுக்காவிட்டால் பள்ளி வேலை நிரந்தரமாக எதிர்க்கடைக்குப் போய்விடும். கால்சட்டைப் பைக்குத் துணிகூட இன்னும் வாங்கவில்லை.

பாக்கி என்னவோ மூன்று மாதத் தண்ணீர்க் கட்டணம்தான். ஆனால் ஜப்திக்காரர் வந்து கதவைத் தட்டினால் ஒரு கட்டணம். யாரும் திறக்காவிட்டால் இன்னொன்று. திறந்துவிட்டால் நிலைமையை விளக்கியதற்கு ஒன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலிக்கே சுமைகூலி ஏறியிருந்தது.

சங்கச் செயலாளர் காலை முழுவதும் பேசினார். அமைச்சகமும் சங்கமும் சேர்ந்து எழுதிய ‘கனிவு நெறிமுறை’ வந்த பிறகு ஜப்திக்காரர்கள் அதிர்ந்து நடப்பதில்லை, மூன்று முறை மென்மையாகத்தான் தட்டுகிறார்கள், போகும்போது ‘எங்கள் ஜப்தி உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று நட்சத்திரம் போடும் படிவம் கொடுக்கிறார்கள் என்றார். இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சுயேச்சையான வாரியம் ஒன்று இருப்பதாகவும், அது சங்கக் கட்டடத்தின் மாடியில்தான் இருப்பதாகவும், ஒத்துழைப்பு அடிப்படையில் வாடகைகூட வாங்குவதில்லை என்றும் பதில் வந்தது. போன வருஷம் ஒரு புகார்கூட இல்லையாமே என்று உறுப்பினர் வியந்தார். புகார்ப் பெட்டியை ஒருமுறை தவறுதலாக ஜப்தி செய்துவிட்டதைச் செயலாளர் ஒப்புக்கொண்டார்.

நரைத்த தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக இருந்த குழுத் தலைவரம்மாள், மிஷினை எடுத்து வந்த ஜப்திக்காரரை எழுந்து நிற்கச் சொன்னார். அவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் பூப்பாதம். நெறிமுறையை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே மனிதர் அவர். நடந்தால் அவருடைய நிழலுக்கே தெரியாது.

தொழில் செய்கிற கருவியை ஜப்தி செய்யக் கூடாதென்று சட்டம் இருக்கிறதே, எப்படி எடுத்தீர்கள் என்று தலைவரம்மாள் கேட்டார்.

“நான் போனப்போ மிஷின் ஓடலைங்க மேடம். அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மிஷின் மேல தண்ணி டம்ளர் இருந்துச்சு. நெறிமுறை விதி ஏழு. பயன்பாட்டுல இருந்தா தொழில் கருவி. இல்லாட்டி மேஜை.”

“ஓடிக்கிட்டு இருந்திருந்தா?”

“சுண்டுவிரல்கூடப் பட்டிருக்காதுங்க.”

தையல்காரி கையைத் தூக்கினாள். அது எப்படி ஓடும் என்று ஒருமுறை ஓட்டிக் காட்டலாமா என்று கேட்டாள். காலையிலிருந்து புள்ளிவிவரம் கேட்டுக் கண் சொருகியிருந்த உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவரம்மாள் அனுமதித்தார். தைக்கத் துணி வேண்டுமே என்றாள். மிக அருகில் இருந்தது குழு மேஜையின் பச்சை விரிப்பு. அதன் ஓரம் எப்படியும் பிரிந்துதான் கிடக்கிறது, மடித்து அடியுங்கள் என்று அதற்கும் அனுமதி கொடுத்தார்.

அவள் ரிப்பனை அவிழ்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைவரம்மாள், போதும், புரிந்தது என்றார்.

“நிறுத்தினா என்ன ஆகும்னு அவரைக் கேளுங்கம்மா,” என்றாள் தையல்காரி, தலை நிமிராமல்.

பூப்பாதம் வருத்தத்தோடு சொன்னார். “மறுபடி மேஜை ஆயிடுங்க. கீழ வண்டி நிக்குது.”

“அப்ப நான் நிறுத்தலை.”

குழுவின் எழுத்தர் நடைமுறை நூலைப் புரட்டினார். சாட்சி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கிடக் கூடாது, கூட்டத்தை ஒத்திவைக்கவும் கூடாது என்று இருந்தது. மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. சுருக்கெழுத்தாளர் முதலில் ‘கடகட’ என்று எழுதினார். பிறகு எத்தனை முறை எழுத வேண்டும் என்று சீட்டில் கேட்டு அனுப்பினார். பதில் சீட்டு வருவதற்குள் நாலு பக்கம் கடகட ஆகிவிட்டது.

கணவர் பக்கத்தில் வந்து குனிந்து கால் வலிக்குமே என்றார்.

“வலிக்கிறது என் காலு. நீங்க பேசாம அந்த எழுத்தர்கிட்ட இருக்கிற கத்திரிக்கோலை வாங்கிட்டு வாங்க.”

பச்சை விரிப்பு மெல்ல மெல்ல மிஷினுக்குள் போயிற்று. அதன் மேல் இருந்த காகிதங்கள், கண்ணாடிக் கூடுகள், தண்ணீர் டம்ளர்கள் எல்லாம் ஊர்வலமாக நகர்ந்தன. உறுப்பினர்களும் தத்தம் டம்ளரைப் பின்தொடர்ந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டே போனார்கள். மறுபக்கம் பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் பைகளாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணவர் மட்டும் அவற்றை எண்ணி எண்ணித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தொப்பை வளர்ந்தது.

எண்பதாவது பை விழுந்ததும் தையல்காரி மீதித் துணியில் கோணல்மாணலாகத் தையல் ஓட்டியபடி, நெறிமுறையில் விதி பன்னிரண்டு என்ன சொல்கிறது என்று கேட்டாள். பூப்பாதத்துக்கு மனப்பாடம். நலிந்தவர் உதவி கேட்டால் ஜப்திக்காரரும் சங்கமும் மறுக்கக் கூடாது.

“அப்ப என்னையும் மிஷினையும் இப்படியே வீட்டுல கொண்டுபோய் விடுங்க. காலு நிக்கக் கூடாது.”

பூப்பாதம் உடனே குனிந்து மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இன்னொரு பக்கம் பிடிக்க ஆளில்லை. எல்லோரும் சங்கச் செயலாளரைப் பார்த்தார்கள். தான் செயலாளர், சுமை தூக்குகிறவர் இல்லை என்று அவர் நினைவூட்டினார்.

தலைவரம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க அறிக்கையில ஒத்துழைப்புங்கிற வார்த்தை நாற்பத்திரெண்டு இடத்துல வருது. எண்ணி வச்சிருக்கேன். நாற்பத்திமூணாவதா இதைத் தூக்குங்க.”

பூப்பாதமும் செயலாளரும் மிஷினைத் தூக்கினார்கள். கணவரும் எழுத்தரும் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். நால்வரும் ஒரே சீராக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பெடலைவிட்டு நழுவிவிடும். மூன்று மாடிப் படிக்கட்டிலும் தையல்காரி மேலேயிருந்து ‘இடது, வலது’ சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் செயலாளரின் கழுத்துப்பட்டை ஊசிக்கடியில் போய்விட்டது. நிறுத்த முடியாதே. அதையும் தைத்து அனுப்பினாள். மீதி விரிப்போடு ஒட்டிக்கொண்டு, இழுத்துக் கட்டிய கன்றுக்குட்டிபோல அவர் கீழே இறங்கினார்.

ஜப்தி வண்டி ஒரு பொருளை வீட்டில் கொண்டுபோய் விட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் படிவம் நிரப்புவதென்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் வண்டிக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம் வந்ததால் இரண்டு இடங்களில் மெக்கானிக்குகள் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்கள்.

வீட்டில் மிஷினை ஜன்னலோரம் இறக்கினார்கள். செயலாளர் கழுத்துப்பட்டையைக் கத்தரித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். பூப்பாதம் பழக்கதோஷத்தில் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். எந்த வீட்டுக்குள் போனாலும் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி: அலுவலர் வந்து சேர்ந்தபோது பொருள் பயன்பாட்டில் இருந்ததா?

பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் நின்றார். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். முழங்கால் நடுங்குவது அவருக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதுவதுதான் அவருக்குத் தெரியும்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டார்.

“அப்ப இந்த ஜப்தி ரத்துங்க. புதுசா நோட்டீஸ் குடுத்துப் பதினாலு நாள் கழிச்சுத்தான் இனி நான் வர முடியும்.”

கால் நின்றது. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு வந்த அமைதியில் அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

கதவு தட்டிய கட்டணம் உண்டா என்று கணவர் பயந்து பயந்து கேட்டார். பூப்பாதம் யோசித்தார். “ரெண்டு கையும் மிஷின்ல இருந்துச்சே. எங்க தட்டினேன்?” என்று சொல்லி, நட்சத்திரப் படிவத்தை மட்டும் மிஷின்மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

திங்கட்கிழமை காலை நாற்பது கால்சட்டைகளும் போய்ச் சேர்ந்தன. கூலியில் முதல் வேலையாகத் தண்ணீர்க் கட்டணத்தை அடைத்தாள். தட்டிய கட்டணங்களைக் குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

பத்து நாளில் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. ஜப்தித் துறையில் ஒத்துழைப்பு மேலும் வளர வேண்டும் என்றது. பின்னிணைப்பில், குழுவுக்குச் சொந்தமான பச்சை மேஜை விரிப்பு ஒன்றைக் காணவில்லை, அதை மீட்கும் பணி சங்கத்திடம் ஒப்படைக்கப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது.

சங்கம் பூப்பாதத்தை அனுப்பியது. விசாரித்து விசாரித்து அவர் பள்ளி மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். காலை வரிசையில் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். கால்சட்டைப் பைகளின் வாயில் பச்சை எட்டிப் பார்த்தது. எண்பது பைகளுக்குள்ளும் எண்பது கைகள் இருந்தன. சீருடை கொடுக்கும்போது தையல்காரி என்ன சொல்லி அனுப்பினாளோ.

அவர் ஏழாவது விதியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். முதல் வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான்.

“யாரையும் இல்லப்பா. நீ கையை வெளிய எடுக்கிற வரைக்கும் சும்மா நிக்கிறேன்.”

பையன் கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டான்.