அடிக்காத பெட்டி

"மதியம் லுஹர் தொழுகைக்கே எடுத்துருவோம் மாமா," என்று லத்தீபா சொன்னபோது, சாகுல் ஹமீது இறந்துகிடந்த மகன் அன்வரின் தலைமாட்டில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸீலாவுக்கு ஹெலிகாப்டர்ல சீட் கெடச்சிருச்சும்மா. கேம்பல் பே தீவுல ஏறிட்டா. சாயங்காலம் அஸருக்குள்ள வந்துருவா."

"அவரை எவ்வளவு நேரம் இப்படிக் கெடத்தி வைக்கிறது?"

"ஒரே தங்கச்சி. முகத்தைப் பாக்க வேணாமா?"

உயிர் போய் மையித்தான பிறகும் தன் கணவர் தங்கைக்காகத்தான் காத்திருக்கிறார் என்று லத்தீபா நினைத்துக்கொண்டாள்.

அன்வருக்கும் பஸீலாவுக்கும் தாயிடமிருந்து வந்த நோய் அது. இதயம் திடீரென்று தாளம் தப்பும். தாய் சமையலறையில் சுருண்டு விழுந்து இறந்த வருடமே சென்னைக்குக் கூட்டிப்போய், இருவருக்கும் இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் பெட்டி உள்ளேயே ஷாக் அடித்து உயிரைத் திருப்பும். எல்லாம் தெரிந்துதான் லத்தீபா அன்வரைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பெட்டி சும்மா இருக்கவில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் ஃபேனை இறக்கும்போது அடித்தது. பள்ளிவாசல் படியில் அடித்தது. ஒருமுறை அவள் பக்கத்தில் படுத்திருந்தபோதே அவனைத் தூக்கிப் போட்டது. கொஞ்சம் தெளிந்ததும் போனைத்தான் கேட்பான். "பஸீலா, இன்னைக்கும் அடிச்சிருச்சு." தண்ணீர் டம்ளரோடு நிற்கும் லத்தீபாவுக்கு அந்தப் பேச்சில் இடமிருக்காது. "உனக்குப் புரியாது. பெட்டி வச்சவங்களுக்குத்தான் தெரியும்," என்பான்.

பஸீலாவின் பெட்டி ஒருமுறைகூட அடித்ததில்லை. தங்கள் குடும்பத்து நோய் ஆண்களைத்தான் அதிகம் தாக்கும் என்று டாக்டர் சொன்னதாக அன்வர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து நாத்தனாரின் உடம்பைப் பார்த்தாலே லத்தீபாவுக்கு வயிறு எரிந்தது. நேற்று சாயங்காலம் அன்வரின் பெட்டி விடாமல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அஸருக்குச் சற்று முன்னால் பஸீலா வந்தாள். நனைந்த புர்காவோடு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெற்றியில் கைவைத்தாள். அழவில்லை. "ஜல்தி, மழை வலுக்குது," என்று வாசலில் யாரோ அவசரப்படுத்த, ஆண்கள் அன்வரை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வந்திருந்த பெண்கள் லத்தீபாவின் மகளையும் கூட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார்கள். அறையில் இவர்கள் இருவர் மட்டும்.

"உனக்கென்ன," என்றாள் லத்தீபா. "உன் பெட்டி தூங்குது."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது.

"ஆமா மைனி, தூங்குது." பஸீலாவின் குரல் உயரவில்லை. "தூங்குற பெட்டிக்கே என்னை மூணு தடவை கிழிச்சாங்க. ஒயர் நழுவுச்சு. அப்புறம் சீழ் வச்சுச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நாந்தான் அன்வர் காக்காகிட்ட சொன்னேன்."

"ஏன்?"

"நீங்களும் பாவம்னு பாப்பீங்க." ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெட்டி வச்ச ஆம்பளைக்குப் பொண்ணு கெடச்சுது. ஒரு மகளும் பொறந்தா. என்னைப் பாக்க வந்தவங்க, தழும்பைப் பத்திச் சொன்னதும் டீயைக்கூட குடிக்காம எந்திரிச்சாங்க. நீங்க பக்கத்துல படுத்திருக்கும்போது அடிச்சுதாமே, அதைக் காக்கா போன்ல சொல்லுச்சு. பக்கத்துல ஒரு ஆள் இருந்துருக்கேன்னு எனக்கு அன்னைக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

வெளியே தகரக் கூரையில் மழை இறங்கியது.

பஸீலா எழுந்து ஈரப் புர்காவைக் கழற்றப் பார்த்தாள். வலது கை வெளியே வந்துவிட்டது. தழும்பு இழுத்ததால் இடது கை தோளுக்குமேல் போகவில்லை. துணி தலையில் சிக்கி நின்றது. லத்தீபா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அவள் பின்னால் போய், அந்தக் கையைத் தாழப் பிடித்து, புர்காவின் கைப்பகுதியை மெதுவாக இழுத்தாள்.