நடப்பில் உள்ள உரிமம்

அப்பா இறந்து பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. குட்டி, இரவல் வாங்கி வந்த நாற்காலிகளை வாசலில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் பையிலிருந்த அப்பாவின் கைபேசி துடித்தது.

'உங்கள் உரிமம் சரிபார்க்கப்பட்டது. இடம்: தையல் கடை. நிலை: நடப்பில் உள்ளது.'

எங்கோ ஒரு தையல் கடையில் யாரோ சுவிட்ச் போர்டின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்திருக்கிறார். இந்த வயரை இழுத்த எலக்ட்ரீஷியன் யார், முறையாகப் படித்தவர்தானா, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது என்று பதில் போயிருக்கிறது.

குட்டி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் அதுதான். வெயில் வாசலில் பால் போல் பரவியிருந்தது. தெரு முழுக்க மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்பது போலவும், அத்தனையும் அப்பாவின் விரல்களிலிருந்து சுற்றுவது போலவும் ஒரு கணம் இருந்தது.

அவள் வேலை பார்ப்பது அந்த உரிமங்களைப் பதியும் அலுவலகத்தில். பயிற்சி முடித்தால் ஒரு பதிவு, தேர்வில் தேறினால் ஒரு பதிவு, உரிமம் கிடைத்தால் ஒரு பதிவு. ஒவ்வொன்றும் முந்தையதோடு பூட்டிக்கொள்ளும். நகல்கள் பல ஊர்க் கணினிகளில் இருக்கும். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே பிளாக்செயின் என்பார்கள், அலுவலகத்தில் சங்கிலி. அது வருவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தவரெல்லாம் எலக்ட்ரீஷியன். சான்றிதழ் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைத்தது.

"கல்யாணத்துக்கே ரெண்டு சாட்சிதான் கேட்டாங்க. ஒயர் இழுக்கறதுக்கு ஊரே சாட்சியா?" என்று அப்பா சிரித்தார், பதிந்துகொண்ட அன்று.

இறந்தவரின் உரிமத்தை மூடவும் சாட்சி வேண்டும். கூட வேலை செய்தவர் ஒருவர், குடும்பத்தில் ஒருவர். அலுவலகத்து ஆட்கள் சொந்தக்காரர்களின் பதிவைத் தொடக் கூடாது. ஆகவே அம்மாதான் தன் கைபேசியில் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பாவோடு காலமெல்லாம் வேலை செய்த ஏணி மாமா காலையிலேயே அழுத்திவிட்டார். எல்லா வாசலிலும் குனிந்தே நுழைகிற உயரம் அவருக்கு. அதனால் அந்தப் பெயர்.

அம்மா மூன்று முறை "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

கைபேசி இந்தத் தடவை மணியடித்தது. அப்பா கடைசியாக வேலை செய்த கட்டடத்தின் கான்ட்ராக்டர்.

"ரொம்ப வருத்தம்மா. தங்கமான மனுஷன். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த லைசென்ஸ் நம்பரை ஒரு வாரம் அப்படியே விட்டு வைங்களேன். ஒரு மாடிதான் பாக்கி. வேற ஆளைப் போட்டு முடிச்சுடுவேன், அப்பா பேர்லயே ஏறிடும்."

"அப்பா இல்லையே சார்."

"அது நமக்குத் தெரியும். பிளாக்செயினுக்குத் தெரியாதுல்ல?"

"போனை வைக்கிறேன் சார்" என்றாள். அதற்கே அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அலுவலகத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கட்டடத்தின் பதிவு அப்பாவின் உரிம எண்ணில் இன்னும் திறந்து கிடந்தது. அம்மா மூடும் வரைக்கும் அங்கே யார் இழுக்கிற வயரும் அப்பா இழுத்ததாக ஏறலாம். ஏறியது இறங்காது. என்றைக்காவது அந்த மாடியில் தீப்பிடித்தால் பதில் சொல்ல அப்பா வர மாட்டார். அவர் பெயர் மட்டும் அங்கேயே நிற்கும்.

உள்ளே போய் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது மறுபடியும் ஒரு துடிப்பு.

'இடம்: வீடு.'

முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டியின் இயந்திரம் தூக்கத்தில் முனகுவது போல் ஒலித்தது. குளிரில் கண்ணாடி மங்கி, அவர் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் தெரிந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லிய குரலில் பேருந்து நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குட்டி அவர்களைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

அம்மா சுவிட்ச் போர்டின் முன்னால், தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். கழுவிய டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே?"

"ஒரு மணி ஆச்சுல்ல" என்றாள் அம்மா.

குட்டிக்கு அது தெரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், அப்பாவின் கை ஒரு போர்டுக்குள் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். திடுக்கிட்டதில் அவர் கை தொடக் கூடாததைத் தொட்டது. தோள்வரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வேலை நேரத்தில் அம்மா அவரை அழைத்ததில்லை. சங்கிலி வந்த பிறகு ஒரு வழி கிடைத்தது. வீட்டுப் போர்டைப் படம் பிடித்தால் போதும், அப்பாவின் பையில் ஒரே ஒரு சின்னத் துடிப்பு. சாப்பிட வாங்க. மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

"உங்கம்மா செக் பண்ற மாதிரி என் லைசென்ஸை எந்த ஆபீசரும் செக் பண்ணல" என்பார் அப்பா. பதிவுகளைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி கூடக் குட்டியிடம் கேட்டாள்: "உங்க வீட்டு போர்டுல என்னடி, புதையலா?"

"அம்மா, மூடிட்டா இதுவும் நின்னு போயிடும். அதனாலதானே?"

"அதுக்கில்லடி."

"கான்ட்ராக்டர் போன் பண்ணார். அப்பா பேர்ல வேற ஆளை வேலை செய்ய விடுவாராம். ஒருத்தர் செஞ்ச தப்பு அப்பா தலையில வந்து விழும்."

"தெரியும். நீ சொல்லாமயே தெரியும். அவரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"அப்புறம் என்னம்மா?"

அம்மா ஒரு டம்ளரை எடுத்து, கழுவியதையே மறுபடி கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில ஏணி அண்ணன் சொன்னாரே, கேட்டியா? 'உன் கூப்பாடு வந்துச்சு தங்கச்சி, பார்த்தான், வரேன்னு சொல்லிட்டு மடமடன்னு படி இறங்கினான்.' எல்லாரும் அதைக் கேட்டுட்டு, குடுத்து வச்சவ, உன்னை நினைச்சுக்கிட்டே போயிருக்கார்னு சொன்னாங்க."

"ஆமா."

"நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்டி. ரெண்டு தடவைன்னா அவசரம்னு அவருக்குத் தெரியும்."

"என்ன அவசரம்?"

"ஒண்ணுமில்ல." அம்மா குழாயை மூடினாள். "பசிச்சுது எனக்கு."

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

"மெதுவா இறங்கியிருந்தா அந்த நெஞ்சு நின்னிருக்காது. நான்தான் ஓட வச்சேன். இப்ப அந்தப் பொத்தானையும் நானே அழுத்தணும்னா..." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அம்மாவின் தோளைத் தொடலாமா என்று குட்டி நினைத்தாள்; கை பாதி தூரம் போய் நின்றது. அப்போதுதான் சமையலறையின் பின்வாசலில் வெளிச்சம் மறைந்திருப்பதைப் பார்த்தாள்.

ஏணி மாமா காலி தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். காலையிலிருந்து தெருவுக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தாரே தவிர, வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இப்போதும் தலையைக் குனித்தபடி நிலைப்படிக்கு வெளியேதான் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"தண்ணியா அண்ணே? குடுங்க, பிடிச்சுத் தரேன்" என்றாள் அம்மா.

அவர் குடத்தைக் கொடுக்கவில்லை.

"தங்கச்சி. அவன் பார்க்கலை."

"என்னது?"

"நீ கூப்பிட்டதை அவன் பார்க்கலை. மடமடன்னும் இறங்கலை."

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். உனக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். வேலை முடிஞ்சுது, பையை மூடினான், அவன் பாட்டுக்கு இறங்கினான். இறங்கினதைக்கூட நான் சரியா பார்க்கலை."

குடம் அவர் முழங்காலில் இடித்து மெல்ல ஒலித்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குட்டி அலுவலகத்தில் பார்த்திருக்கிறாள்: சாட்சி சொல்ல வருபவர்கள் கடைசி வரியைச் சொல்லும் முன் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வார்கள்.

"பார்க்கலைன்னு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

ஏணி மாமா சுவிட்ச் போர்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அவன் போன் என்கிட்ட இருந்துச்சு. என்னோடதுல சார்ஜ் இல்ல. மகன்கிட்ட பேசணும்னு வாங்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். நீ ரெண்டு தடவை கூப்பிட்டது என் கையிலதான் துடிச்சுது. பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன்." மூச்சு வாங்கினார். "கீழ வந்து பார்த்தப்ப படியில சாஞ்சு உட்கார்ந்திருந்தான். போன் அவன்கிட்ட இருந்திருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பான், தங்கச்சி."

கண்ணாடிப் பெட்டியின் முனகல் இங்கே வரை கேட்டது.

அம்மா அடுப்பருகே கிடந்த முக்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள். அவர் குனிந்து உள்ளே வந்து அதில் உட்கார்ந்தார். அம்மா தன் கைபேசித் திரையில், அழுத்த வேண்டிய பொத்தானின் மேல் தங்கியிருந்த ஈரத்தைத் துண்டின் நுனியால் துடைக்க ஆரம்பித்தாள்.