அக்கரை போன சிங்கம்

திஹுவானாவில், அமெரிக்காவுக்குள் போகக் கார்கள் காத்துக் கிடக்கும் வரிசைதான் எங்கள் கடைவீதி. கார்கள் நிற்கும், நாங்கள் நடப்போம். கூடவே விலையும் நடக்கும். வரிசைக் கடைசியில் நாற்பது டாலர் சொன்ன பொம்மை, எல்லைக் கதவுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் எட்டுக்கு வந்து நிற்கும். கோட்டைத் தாண்டினால் எங்களைப் பிடித்துக்கொள்வார்கள். இது வாங்குகிறவர்களுக்கும் தெரியுமாதலால், கோடு வரும்வரை ஒருவரும் பைக்குள் கைவிட மாட்டார்கள்.

என்னிடம் ஒரு பிளாஸ்டர் சிங்கம் இருந்தது. விலை போகாமல் வீட்டில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றது. அன்று காலை என் மனைவி ஹசிந்தா அதில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் இதைத் திருப்பித் தூக்கிட்டு வந்தே, ரெண்டு பேரும் வெளியிலயே படுங்க."

சொன்னால் செய்கிறவள். வெளியில் படுத்து எனக்குப் பழக்கம், சிங்கத்துக்கு இல்லை.

மதியமே வானம் கறுத்துவிட்டது. பிளாஸ்டர் மழை தாங்காது. போன மழையில் நான் விற்ற பன்றி ஒன்று அக்கரை சேர்ந்தபோது முயலாகியிருந்தது. அந்த வீட்டில் அதற்கு இன்றும் கேரட் வைக்கிறார்கள்.

அப்போதுதான் டோன்யா எல்வீராவின் கார் வந்தது. சனிக்கிழமைதோறும் அக்கரையிலிருந்து சந்தைக்கு வந்து திரும்புகிறவள்; டோன்யா என்பது நாங்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. பின் இருக்கை முழுக்க மண்சட்டியும் காகிதப் பூவும்.

"அந்த நாய் என்ன விலை?" என்றாள்.

"சிங்கம், டோன்யா. நாப்பது."

"மூஞ்சி உன்ன மாதிரியே இருக்கே."

"அதுக்குத் தனியா காசு வேண்டாம்."

"எட்டு."

கம்பளி விற்கும் சிப்ரியானோ குறுக்கே போனான். "குடுத்துத் தொலை பெரிசு. ராத்திரி நனையப்போறது நீதான்."

"உள்ள நுழையுதான்னு காட்டு," என்றாள் டோன்யா. ஜன்னல் வழியே சிங்கத்தின் தலையைத் திணித்தேன். பிடரி போய்ச் சிக்கிக்கொண்டது. என்றைக்கும் ஊர்கிற வரிசை அந்த நிமிஷம் பார்த்து ஓட ஆரம்பித்தது. மழையும் கொட்டியது. வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"முப்பது, டோன்யா."

"எட்டு. பேசாம ஓடு, மூச்சு வாங்குது பாரு."

கண்ணெதிரே ஒரு பின்னங்கால் கரைந்தது. பிறகு இன்னொன்று. ரோடு பாலாக ஓடியது. மஞ்சள் கோட்டில் நான் நின்றேன், சிங்கம் நிற்கவில்லை. கம்பியோடு வால் மட்டும் என் கையில்.

கதவருகே அதிகாரி அவளிடம் என்னவோ கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். நான் வாலைத் தூக்கிக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

"சிங்கம் எங்கே?" என்றாள் ஹசிந்தா, ராத்திரி வாசலை மறித்துக்கொண்டு.

"அமெரிக்காவுல."

"காசு?"

வாலைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு எனக்கு வழிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டோன்யா வந்தாள். முன் இருக்கையில் பெல்ட் போட்டபடி அரைச் சிங்கம்.

"வால் இல்லாம எல்லாரும் இதை நாய்ங்கறாங்கய்யா. உன் கையில இருக்கிற வால் என்ன விலை?"

"இங்க நாப்பது, டோன்யா. கோட்டுக்கிட்ட எழுபது."

"இதென்ன புது வழக்கம்? ஏறுமா எங்கயாவது?"

"சிங்கத்துக்கு எறங்கும். வாலுக்கு ஏறும்."

அவள் முன்னால் எட்டிப் பார்த்தாள். அன்று எல்லாக் கதவையும் திறந்துவிட்டிருந்தார்கள். வரிசை நகர ஆரம்பித்திருந்தது. வரிசைக் கடைசியிலேயே ஒருத்தி பைக்குள் கைவிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.