அப்பா ஜெயிக்கும் பந்தயம்

சூதாட்டத்துக்கும் மாத்திரை உண்டு என்று மனநல டாக்டர் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "அதென்ன காய்ச்சலா, மாத்திரை போட்டா இறங்க?" என்றாள். நான் நம்பினேன். என் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தைச் செல்போன் ரம்மியில் தொலைத்துவிட்டு, "அடுத்த ஆட்டத்துல எடுத்துடுறேன்" என்று கூசாமல் சொன்ன மனிதரை வேறு எதைக்கொண்டு கட்டிப்போடுவது? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் கடன் வாங்கித்தான் படித்து முடித்தேன்.

ஆடத் தோன்றும் அரிப்பை மாத்திரை குறைக்கும், தினமும் விழுங்க வேண்டியது அவர் பொறுப்பு என்றார் டாக்டர். முதலில் குமட்டியது. அப்பா விடவில்லை. நான் மறந்த நாளிலும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மா அவரிடம் மறுபடி சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

அந்த மாத்திரை போடுபவர்கள் செய்துகொள்ள வேண்டிய கல்லீரல் பரிசோதனைக்கு அழைத்துப்போக, அவர் வேலை பார்க்கும் வண்டிப் பட்டறைக்குப் போனேன். வாசலில் வெல்டர் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாம்மா பட்டதாரி. உன்னாலதான் என் சம்பளம் கரையுது."

"நான் என்ன பண்ணேன் மாமா?"

"உங்கப்பன் இந்த மாசமும் ஆடலையே! ஆடிடுவான்னு நாங்கல்லாம் பந்தயம் கட்டியிருக்கோம். ஆடமாட்டேன்னு அவன் கட்டியிருக்கான். போன மாசம் மொத்தமா அள்ளிட்டான் படுபாவி."

உள்ளே கார் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றேன். முகமூடியைக் கழற்றினார்.

"சொல்லிட்டானா? இது ஆட்டமாம்மா? என் மேல நான் வச்ச நம்பிக்கை."

"வெக்கமா இல்லையாப்பா?"

"ஜெயிக்கிறவனுக்கு எதுக்கு வெக்கம்?" ரம்மி ஆடும்போது வரும் அதே மினுமினுப்பு அவர் கண்ணில். "மாத்திரை மட்டும் இல்லன்னா இவனுங்க என்னை மொட்டையடிச்சிருப்பானுங்க."

கை கால் கழுவப் போனார். நான் வெல்டர் மாமாவிடம் பாய்ந்தேன்.

"இன்னியோட நிறுத்துங்க. இல்லன்னா முதலாளிகிட்ட போவேன்."

"தாராளமா. எனக்கு லாபம்தான்." குரலைத் தணித்தார். "ஆனா அப்புறம் அவன் அந்த மாத்திரையைத் தொடுவான்னு நினைக்கிறியா?"

எங்களுக்காகத் தொடுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அவர் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறாள், நான் பட்டினி கிடந்திருக்கிறேன். எதற்கும் அசையாத மனிதர், நாலு பேரைத் தோற்கடிக்கத் தினமும் கசப்பை விழுங்குகிறார்.

"மாசம் முடியப்போகுது. சொல்லும்மா. அடுத்த மாசத்துக்கும் கட்டவா, வேண்டாமா?"

குழாயடியிலிருந்து அப்பாவின் சீட்டி கேட்டது.

"கட்டுங்க," என்றேன். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."