பழைய காரிலிருந்து ஓர் அழைப்பு

புது கார் வந்த பிறகும் பழைய காரை அவள் தன் கைப்பேசியின் கார் ஆப்பிலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

"வித்த வண்டிய இன்னும் போன்ல எதுக்கு வச்சிருக்க? அவங்க எங்க போறாங்க வர்றாங்கன்னு நமக்கு எதுக்கு?"

"எடுக்கணும். மறந்து மறந்து போயிடுது."

மறதி பாதிதான் காரணம். முட்டி தேய்ந்தவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள் அவள். ஊரில் 'முட்டி டாக்டர்' என்றால்தான் தெரியும். அந்தப் பழைய மின்சார காரில்தான் அவள் தொழிலே ஓடியது. கடைசி காலத்தில் அதன் பேட்டரி கிழடு தட்டிவிட்டது. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று பயந்து, ஏசியை அணைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓட்டியிருக்கிறாள். இருந்தாலும் வண்டி மேல் ஒரு பாசம். அதே கம்பெனியின் புது மாடலை வாங்கியதும் கைப்பேசியில் இரண்டு கார்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. பழையது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பழையதை வாங்கியது கண்ணாடிக்கடைக்காரன். பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகளைத் தூக்கித் தூக்கி அவன் வலது தோள் நழுவியிருந்தது. கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்குப் போய், மாதக்கணக்கில் அந்தத் தோளைச் சரிசெய்து கொடுத்தவள் அவள்தான். பேச்சில் தேன் ஒழுகும் ஆள்.

"உங்க கை பட்டுத்தான் எனக்குத் தோள் நின்னுது டாக்டர். உங்க கை பட்ட வண்டியே எனக்கும் இருக்கட்டும்" என்றான். கைப்பேசியில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "சாவி போதும். போன் கீன் எல்லாம் எனக்கு எதுக்கு" என்று சிரித்தான்.

அவன் மனைவியை அந்த வீட்டில் பார்த்திருக்கிறாள். வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போய்விடுவாள். ஒருமுறை அவள் மேல்கையில் நான்கு விரல் தடம் நீலம் பாரித்துக் கிடந்தது. "கண்ணாடிச் சட்டம் இடிச்சிடுச்சுக்கா" என்றாள். முட்டி டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நண்பகலில், ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து வெளியே வந்து புது காரில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பேசி அடித்தது. திரையில் பழைய காரின் படம். அதன் கீழே 'அவசர அழைப்பு' என்று சிவப்பு எழுத்து. விபத்து நேர்ந்தால் அமுக்குவதற்காக அந்தக் காரின் கூரையில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பதிவில் உள்ள எண்ணுக்கு அழைப்பு போகும். பதிவில் இருந்தது இன்னும் அவள் எண்தான்.

"ஹலோ?"

மூச்சு இரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"யாராவது இருக்கீங்களா? கதவு தொறக்கல."

"யாரு பேசறது?"

"கையக் கட்டியிருக்கு. மூச்சு முட்டுது." குரல் சட்டென்று நின்றது. "அக்கா? முட்டி டாக்டர் அக்காவா?"

கண்ணாடிக்கடைக்காரன் மனைவி என்று அப்போதுதான் இவளுக்கு விளங்கியது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கடை முற்றத்துலதான். வெயில்ல. அவர் இல்லாதப்ப வண்டிய எடுத்து முற்றத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகினேன்க்கா. பாத்துட்டாரு. வண்டிதானே வேணும், உள்ளயே கெடன்னு வச்சுப் பூட்டிட்டாரு. காலைலருந்து இருக்கேன். கண்ணு இருட்டுது."

சாவியை இரண்டு முறை அழுத்திப் பூட்டினால் அந்தக் காரை உள்ளேயிருந்தும் திறக்க முடியாது. திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் கைப்பேசியால் முடியும். முட்டி டாக்டர் திரையிலிருந்த பூட்டுப் படத்தை அமுக்கினாள். கதவு 'டக்'கென்று திறக்கும் ஓசை அழைப்பிலேயே கேட்டது.

"தொறந்துடுச்சு. ஓடுங்க."

அந்தப் பெண்ணால் ஓட முடியவில்லை. காலடி ஓசை நெருங்கியது. அவன் குரலும் கேட்டது.

"எப்படிடி தொறந்த?"

அறை விழுந்த சத்தம். தலையோ முழங்கையோ கதவில் மோதிய சத்தம். கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. முட்டி டாக்டர் மறுபடி திறந்தாள். இந்த முறை அடி நிற்காமல் விழுந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. ஒவ்வோர் அடிக்கும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. மறுபடி கதவு, மறுபடி பூட்டு.

தான் திறக்கத் திறக்க அடி அவளுக்கு விழுகிறது என்பது உறைத்ததும் இவள் விரலை எடுத்துக்கொண்டாள். அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னாள். "வண்டி அனுப்பறோம். நீங்க உள்ள போயிடாதீங்க" என்றார்கள். அதற்குள் அவள் கார் கண்ணாடிக்கடைத் தெருவில் திரும்பியிருந்தது.

கடை வாசலில் கண்ணாடி வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்ல?"

"முதலாளி வெளிய நிக்கச் சொன்னாரு மேடம்."

"அவ செத்துடுவா."

"குடும்ப விஷயம் மேடம்." இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அவள் காரை நேராக முற்றத்துக்குள் விட்டாள். மூன்று பக்கமும் இரும்புச் சட்டங்களில் ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன. வெயில் அவற்றில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நடுவே பழைய கார். பின்சீட்டுக் கண்ணாடியில் ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப் புடைத்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தான்.

"வாங்க டாக்டர். நல்ல நேரத்துல வந்தீங்க. வண்டியில ஏதோ கோளாறு. தானா தொறக்குது."

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"அவங்கள வெளிய விடணும். சாவியக் குடுங்க."

"நீங்க உங்க வேலையப் பாருங்க டாக்டர். இது வீட்டு விஷயம்."

அவள் அவன் எதிரிலேயே கைப்பேசியில் பூட்டைத் திறந்தாள். பழைய கார் 'டக்'கென்றது. அவன் அந்தக் காரைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். முகத்திலிருந்த தேனெல்லாம் வடிந்துபோயிற்று.

"நீதானா அது?"

அறை அவள் காதோடு சேர்த்து விழுந்தது. பிறந்ததிலிருந்து யாரிடமும் அடி வாங்கியிராதவள். காதுக்குள் விசில் அடித்தது. வாயில் உப்புக் கரித்தது. கைப்பேசியைப் பிடுங்க அவன் வலது கையை நீட்டினான். அந்தத் தோளை அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கோணத்துக்கு மேல் போகக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மணிக்கட்டைப் பற்றி, முழங்கையை மடக்கி, அந்தக் கோணத்துக்கு மேலே கொண்டுபோனாள். எலும்பு குழியை விட்டு வெளியே வருவது அவள் உள்ளங்கைக்கே தெரிந்தது. அவன் மாடு மாதிரி அலறிக்கொண்டு மண்டியிட்டான்.

அந்த இடைவெளியில் அவள் பழைய காரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் நின்ற இடத்திலேயே நின்று, குனிந்திருந்த அவன் முகத்தில் காலால் உதைத்தாள். ஒன்று, இரண்டு என்று உதைத்துக்கொண்டே இருந்தாள். மூக்கு உடைந்தது. இன்னும் உதைக்க வேண்டும் போலிருந்தது. அவன் இடது கையால் அவள் காலை இழுத்துவிட்டான். மல்லாந்து விழுந்தாள். எழுந்து புது காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்துவதற்குள், அவன் கையில் சட்டத்தை நெம்பும் இரும்புக் கடப்பாரை வந்துவிட்டது.

முதல் அடியில் முன்விளக்கு தூளாயிற்று. அடுத்ததில் முன்கண்ணாடி சிலந்திவலை போல் விரிந்தது. அந்த வலைக்கு அப்பால் அவன் நின்றான், காருக்கு நேர் எதிரே, இரண்டு எட்டுத் தூரத்தில். கொன்றுவிட வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தோன்றியது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாள்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. திரையில் ஒரு மனித உருவமும் சிவப்பு முக்கோணமும் மின்னின. எதிரே ஆள் நின்றால் புது மாடல் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அவள் மறுபடி மிதித்தாள். மறுபடி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். தலை ஸ்டியரிங்கில் மோதியதுதான் மிச்சம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகச் சிரித்தான்.

"உன் வண்டிக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையேடி."

பக்கத்துக் கண்ணாடியை உடைத்து, கடப்பாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் முடியைப் பிடித்துத் தலையை வெளியே இழுத்தான். ஜன்னல் விளிம்பில் மிச்சமிருந்த சில்லுகள் அவள் கழுத்தைக் கீறின.

அப்போது பழைய காரின் ஹார்ன் அலறியது.

அவன் மனைவி பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு ஏறி வந்திருந்தாள். பார்சல் டேப்பால் சேர்த்துக் கட்டிய இரண்டு கைகளையும் ஹார்ன் மேல் வைத்து மொத்த உடம்பாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னும் திமிர் அடங்கலையா?"

அவன் முடியை விட்டுவிட்டுக் கடப்பாரையோடு நடந்து, பழைய காரின் மூக்குக்கு எதிரே போய் நின்றான். அவனுக்குப் பின்னால் கண்ணாடிப் பலகைகள். முன்னால் பழைய கார்.

அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் முட்டி டாக்டரைப் பார்த்தாள். கட்டிய கைகளை ஹார்னிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஓட வேண்டும் என்றால் கதவு திறந்துதான் கிடந்தது. அவள் கதவைத் தொடவில்லை.

சாவி இல்லாமல் கைப்பேசியாலேயே அந்தக் காரை உயிர்ப்பிக்கலாம். சாவியை நோயாளிகள் வீட்டில் மறந்துவிட்டு வந்த நாட்களில் இவள் அப்படித்தான் கிளப்பியிருக்கிறாள். கைப்பேசி மடியில் கிடந்தது. 'வண்டியை இயக்கவா?' என்று அது கேட்டது. அவள் கட்டைவிரலை வைத்தாள்.

பழைய காருக்குத் தானே நிற்கத் தெரியாது. ஒரு சீறல் கேட்டது. கடப்பாரையை ஓங்கியவன் ஓங்கியபடியே தொடை மட்டத்தில் அடிபட்டு வண்டியின் மூக்கோடு பின்னால் போனான். முதுகு கண்ணாடியில் மோதியது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சட்டம் சாய்ந்து, பலகை மேல் பலகையாக அவன் மேலும் வண்டியின் மேலும் இறங்கின. தெருவெல்லாம் கேட்கும்படியாகப் பெரிய சத்தம். அது அடங்கிய பிறகும் சில்லுகள் வெகுநேரம் உதிர்ந்துகொண்டிருந்தன.

முட்டி டாக்டர் இறங்கி ஓடினாள். அவளே கொல்ல நினைத்த ஆள்தான்; ஆனாலும் கால்கள் ஓடின. அவன் தொடை பிளந்து ரத்தம் பீய்ச்சியடித்தது. சில்லுகள் மேலேயே மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தாள். சூடான ரத்தம் விரலிடுக்குகளில் வழிந்தது.

அவன் மனைவி வண்டியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"விடுங்கக்கா."

"துண்ட எடு. இறுக்கிக் கட்டணும்."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

இவள் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் துண்டை எடுக்கவில்லை. போலீசும் ஆம்புலன்சும் வந்தபோது இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது.

வண்டியை யார் கிளப்பியது என்று போலீஸ் கேட்டார்கள். "நான்தான்" என்றாள் முட்டி டாக்டர். "ஓட்டினது நான்" என்றாள் மற்றவள். ஒருத்தியும் மற்றவள் மேல் பழியைத் தள்ளவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கண்ணாடி வெட்டுகிற ஆட்கள் இருவரும் கூண்டில் ஏறி, தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அவள் தப்பிக்கட்டும் என்றுதான் வண்டியை இயக்கினேன் என்று முட்டி டாக்டரைச் சொல்லச் சொன்னார் வக்கீல். அவளும் அப்படியே சொன்னாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. கடைசியில் தற்காப்பு என்று இரண்டு பேரையும் விடுவித்தார்கள்.

நோயாளிகள் பாதிப் பேர் அவளை விட்டுப் போய்விட்டார்கள். அவள் கை தோளில் பட்டாலே சிலர் நெளிந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் அவள் தூக்கத்தில் காலை உதைக்கும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவின் பெஞ்சில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புடைத்திருந்த கண் ஆறிவிட்டது. ஆனால் இமை சற்றே தொங்கியது.

"அக்கா, அந்தப் பட்டன அமுக்கறப்ப என்ன நெனச்சீங்க?"

முட்டி டாக்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ஒண்ணும் நெனைக்கல. உன் மூஞ்சியப் பாத்தேன், அமுக்கிட்டேன். நீ?"

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போகாதான்னு நெனச்சேன்க்கா."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் எழுந்து, சேலையை உதறிவிட்டு, வாசலை நோக்கி நடந்தாள்.